மாரி வருமுன் கதைப்போம்
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கன காலத்துக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வளவு துப்புரவாக்கவும் வேலி அடைக்கவும் வயல் திருத்தவும் நேரம் போதாமல் இருக்கும். அதற்குள் ஐப்பசி வந்துவிடும். அதனால் வெள்ளத்தைப் பற்றி இன்றைக்கே கதைத்துவிடுவோம்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. குளம் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். அந்தத் தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாகப் போய்ச் சுண்டிக்குளம் கடனீரேரியில் சேரும். ஆகவே உங்கள் வளவில் மழை விட்டிருந்தாலும், தெற்கே பெய்த மழை உங்கள் வாசலுக்கு வரலாம். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் பலர் நித்திரையில் இருந்தபோதுதான் தண்ணீர் ஏறியது.

“எங்கள் வளவுக்கு ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை” என்று மூத்தவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது அன்றைக்கு உண்மை. ஆனால் நீங்கள் இல்லாத காலத்தில் வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன, வீதிகள் உயர்த்தப்பட்டுவிட்டன. தண்ணீர் போகும் வழியும் மாறியிருக்கலாம்.

மாரி காலத்தில் மூன்று இடங்களிலிருந்து செய்தி எடுங்கள். முதலாவது, வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல். இரண்டாவது, குளத்து நீர்மட்டம் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களமும் உங்கள் கமக்கார அமைப்பும் சொல்வது. மூன்றாவது, உங்கள் கிராம அலுவலர். அவருடைய தொலைபேசி இலக்கத்தை இன்றே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. நோயாளியைக் கொண்டுபோக 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி ஓடவும் வேண்டாம், அதை நம்பி இருந்துவிடவும் வேண்டாம். 117க்கோ கிராம அலுவலருக்கோ கேட்டுப் பாருங்கள்.

இனி ஒரு கஷ்டமான விஷயம். “திரும்பவும் வீட்டை விட்டுப் போவதா?” என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். எத்தனை தரம் இடம்பெயர்ந்த சனம் நீங்கள்! அந்த மனம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் வெள்ளத்துக்குப் பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ போய்த் தங்குவது சில நாட்களுக்குத்தான். தண்ணீர் வடிந்ததும் உங்கள் வீட்டுக்கே வருவீர்கள். காணியைக் காக்க ஒருவர் நிற்க வேண்டும் என்று வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சொன்னவுடன் பகல் வெளிச்சத்திலேயே எல்லோரும் வெளிக்கிடுங்கள்.

காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை, அன்றாட மருந்து எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி ஒரே இடத்தில் வையுங்கள். ரோச் லைற்றும் பக்கத்தில் இருக்கட்டும். வெளிக்கிடும்போது மின்சாரத்தின் பிரதான ஆளியை நிற்பாட்டுங்கள். ஆடு மாடுகளை அவிழ்த்து விடுங்கள். ஓடும் தண்ணீருக்குள் நடக்கவோ சைக்கிளில் போகவோ வேண்டாம்.

எங்கள் மண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளம் மண்ணை அரித்து மிதிவெடிகளையும் வெடிக்காத பொருட்களையும் வெளியே கொண்டுவரும், இடம் மாற்றியும் போடும். போன மாதம் பயமில்லாமல் நடந்த பாதையை வெள்ளத்துக்குப் பிறகு புதிய பாதையாகவே எண்ணுங்கள். எச்சரிக்கைப் பலகை அடித்துக்கொண்டு போகப்பட்டிருக்கலாம். அறியாத பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல்லால் எறியாதீர்கள். வந்த அடியிலேயே திரும்பிப் போய்ப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரும் தெரியாது, இந்த வெள்ளமும் தெரியாது. அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள்.

வெள்ளம் மூடிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துக் குளோரின் இடும்வரை வேறு நல்ல தண்ணீரை எடுத்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். பத்திரங்களைப் பையில் கட்டுங்கள். பக்கத்து வீட்டில் நடக்க முடியாதவர் யார், தனியே இருப்பவர் யார் என்று கேட்டு, அவரை யார் கூட்டிப் போவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.