கோப்பிக்கு மாற்றாக ஆவாரம்பூ

1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், கண்டி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நாளடைவில் அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. இவ்விரண்டையும் வேண்டாதார்க்கு ஆவாரம்பூவும் வில்வம்பூவும் கண்டிக் கடைகளில் உலர்ந்த நிலையிற் கிடைக்கின்றன. சிங்கள மக்கள் ரணவரா, பெலிமல் என்றழைக்கும் அப்பூக்களைக் கொதிக்கவைத்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்தவாறே பருகுவர். இனிய வழக்கந்தான்.

ஆனால், கோப்பியை விடுத்து இவற்றைப் பருகினால் மூளை கூர்மை பெறுமோ? நேயர்கள் பெரிதும் எதிர்பார்த்தல் வேண்டா. கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள கபீன், மூளைக்குக் களைப்பை அறிவிக்கும் அடினோசீன் என்னும் பொருளின் வேலையைத் தடுக்கின்றது. களைப்பு மறைகின்றதேயன்றித் தீர்வதில்லை. பூக்குடிநீரில் அக்கபீன் இல்லை. ஆகவே அந்த உந்துதலும் இல்லை.

நாள்தோறும் பலமுறை கோப்பி அருந்தியவர் திடீரென நிறுத்துவாராயின், மறுநாளே தலையிடியும் சோர்வும் சிடுசிடுப்பும் தோன்றும். பாவம், பழி பூவின்மேல் விழும்! உண்மையில் அது கபீன் நீங்கியதன் விளைவு. பெரும்பாலும் ஒரு வாரத்தளவில் தணிந்துவிடும். சிறிது சிறிதாகக் குறைப்போர்க்கு இத்துன்பம் குறைவு.

பூக்குடிநீரின் பயன் இரவிலே தெரியும். மாலை 5 மணிக்குப் பருகிய கோப்பியின் கபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு 10 மணிக்கும் உடலில் நிற்கும். அளவு ஆளுக்காள் வேறுபடும். பரீட்சைக்குப் படிக்கும் பேராதனை மாணவன் ஒருவன் அக்கோப்பியால் விழித்திருக்கலாம். எனினும் படித்தவற்றை நினைவில் ஊன்றச்செய்யும் உறக்கத்தையே அவன் இழக்கின்றான். அவன் மாலையில் ஆவாரம்பூ நீரைப் பருகி, கோப்பியைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.