உழைப்பவரின் உள்ளம் நோகலாமா?

 

 

அண்மையில் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின், ஜவுளிக் கடையொன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் என்னருகில் வந்தமர்ந்தார். "ஹஜ்ரத்! வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், துஆச் செய்யுங்கள்" என்றார். "சம்பளம் போதவில்லையா?" என்று கேட்டேன். "சம்பளத்தில் குறையில்லை ஹஜ்ரத். வாடிக்கையாளர்கள் முன்னிலையில் முதலாளி ஏசுவதுதான் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தை வீட்டில் பிள்ளைகள் மீது காட்டிவிடுகிறேன்" என்று கூறிக் கண்கலங்கினார்.

அவருடைய முதலாளியும் தொழுகையாளிதான். ஆகவே இது நமக்குள் பேசப்பட வேண்டிய செய்தியாகும்.

மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து தப்பி, புகலிடமின்றி மத்யன் வந்து சேர்ந்த வரலாற்றை அல்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே பணிக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று தந்தைக்கு எடுத்துரைத்தார் ஒரு பெண்மணி. அந்தப் பெரியவரோ, எட்டு ஆண்டுகள் பணி என்றும், பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம் என்றும் தெளிவாகப் பேசினார். அத்தோடு, உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தில் முன்கூட்டியே வாக்குறுதியும் அளித்தார். எட்டோ பத்தோ, எதை நிறைவேற்றினாலும் தம் மீது குற்றமில்லை என்பதை மூஸா (அலை) அவர்களும் பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் எதை நிறைவேற்றினார்கள்? நீண்ட தவணையையே நிறைவேற்றினார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது.

அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதில் பெருமானார் (ஸல்) அவர்களிடம் பணிக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஒரு முறையேனும் தம்மைச் "சீ" என்று அவர்கள் கூறியதில்லை; ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்ததுமில்லை எனச் சாட்சி பகர்ந்தார்கள்.

சிந்தியுங்கள்! அங்கும் பத்தாண்டு, இங்கும் பத்தாண்டு. மனிதனைப் பணியில் நிலைக்கச் செய்வது கூலி மட்டுமன்று, கண்ணியமும்தான்.

பணியிடத்தில் தீராது தொடரும் மன அழுத்தத்தால் ஏற்படும் சோர்வு நிலையை, 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பணி சார்ந்த ஒரு பாதிப்பாக வரையறுத்தது. கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டுமெனத் தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுவதும் நிற்பவனுக்கு நாற்காலி கொடுக்கச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டுமா? நம் கீழ் பணியாற்றுவோர் நம் சகோதரர்கள். சக்திக்கு மீறிய பணியை அவர்கள் மீது சுமத்தலாகாது. சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

முதலாளிகளே! தவறு கண்டால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். கூலியைத் தாமதியாது கொடுங்கள். தொழுகைக்கும் உணவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். தாய்மார்களே! உங்கள் இல்லத்திற்கு வேலைக்கு வரும் பெண்மணிக்கு நீங்களே முதலாளி என்பதை மறவாதீர்கள்.

ஊழியர்களே! நீங்களும் வலிமையோடும் அமானிதத்தோடும் பணியாற்றுங்கள். அலைபேசியில் கழிகின்ற பணிநேரத்திற்கும் நாளை மறுமையில் கணக்கு உண்டு. விலகுவது பாவமன்று. ஆயினும் கோபத்தில் முடிவெடுக்காதீர்கள். இஸ்திகாரா தொழுங்கள், குடும்பத்தாரோடு மஷூரா செய்யுங்கள், ஒப்புக்கொண்ட தவணையை நிறைவேற்றி நன்முறையில் விடைபெறுங்கள். கடையில் பட்ட காயத்தைப் பிள்ளைகள் மீது இறக்காதீர்கள்.

அந்த இளைஞரிடம், "முதலில் முதலாளியிடம் தனியே பேசுங்கள், தேவையெனில் நானும் வருகிறேன்" என்றேன். இருவரும் சென்றோம். முதலாளி நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "என் தந்தையும் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்தவர்தான் ஹஜ்ரத்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

நம் கைகளாலும் நாவினாலும் எவருடைய உள்ளமும் நோகாமல் வாழ, வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.