ஊமையானது பெட்டியா, கம்பியா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"காரைப் பத்தி ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரே ஒரு கார் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மேற்கு மாம்பலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற கார் அது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவருடையது. வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக அதுதான் வண்டி. கழுவி, காயவைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு மயிலாப்பூர் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் குலுங்கினால் போதும், டாஷ்போர்டில் கொலு வைத்தது போல அத்தனை விளக்கும் எரியும். ஸ்பீடாமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழும். அரை நிமிஷத்தில் தானே சரியாகிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். யு 0121 என்று வந்தது. ஏ.பி.எஸ். பெட்டியோடு தொடர்பு இல்லை என்று அர்த்தம். "பெட்டியை மாத்தணும் சார், 60,000 ஆகும்" என்றார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் புகாரைச் சொன்னது யார்? ஏ.பி.எஸ். பெட்டி இல்லை, மற்ற பெட்டிகள். "அவன் குரல் கேக்கலை" என்று இன்ஜின் பெட்டி சொல்கிறது. அவன் ஊமையாகி இருக்கலாம். நடுவில் கம்பியும் விட்டுப் போயிருக்கலாம். இரண்டுக்கும் ஸ்கேனரில் ஒரே எண்தான் வரும்.

மெக்கானிக்கல் படித்தவர்களுக்காக இரண்டு வரி. போஷ் கம்பெனி 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பியில்தான் எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்கின்றன. யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். வெளி இரைச்சல் வந்தால் இரண்டையும் ஒன்றாகவே தள்ளும், வித்தியாசம் மாறாது. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால், முக்கியமான செய்திக்கு மற்றது வழிவிடும். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது! சமிக்ஞை முனையில் மோதித் திரும்பாமலிருக்க இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்தால் 60 ஓம்.

ஆகவே ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண மல்டிமீட்டரே போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் பொறுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே அளக்க வேண்டும். 60 என்றால் இரண்டு முனையும் இருக்கிறது. 120 என்றால் ஒரு முனை விட்டுப் போயிற்று. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. (சில புதிய கார்களில் நடுவே கேட்வே பெட்டி இருக்கும், அங்கே இந்தக் கணக்கு சாக்கெட்டில் எடுபடாது.)

நம் காரில் 60 வந்தது. "சரியாத்தானே இருக்கு" என்று மூடியிருந்தால் பெட்டிதான் பலி. வந்துவந்து போகிற கோளாறை வண்டி சும்மா நிற்கும்போது பிடிக்க முடியாது. மீட்டரை மாட்டி வைத்தபடியே கார்ப்பெட்டைத் தூக்கி ஒயர் கட்டை அங்கங்கே அசைத்துப் பார்த்தோம். டிரைவர் கால் வைக்கிற இடத்துக்கு அடியில் ஒரு கனெக்டரை ஆட்டியதும் 60 சட்டென்று 120-க்குத் தாவியது. அந்தக் காரில் ஒரு முனை ரெசிஸ்டர் ஏ.பி.எஸ். பெட்டிக்குள்ளேயே இருந்தது, ஆக விஷயம் பொருந்திவிட்டது. கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. மேலே காய்ந்த கார்ப்பெட் அடியில் பஞ்சு போலத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்திருக்கிறது. இரண்டு புதுப் பின், கொஞ்சம் ஒயர், சில நூறு ரூபாய். ஒட்டும் இடம்வரை முறுக்கைக் கலைக்காமல் விட வேண்டும், அது ஒன்றுதான் கவனம்.

அந்த ஒர்க்‌ஷாப் ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே கழற்றி மாட்டுவதற்குக் கூலி உண்டு, தேடுவதற்குக் கூலி கிடையாது. புதுப்பேட்டையில் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கலாம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்தக் காருக்கென்று கோடிங் செய்யாமல் பல பெட்டிகள் வேலை செய்யாது. அப்புறம் ஒரு பிரச்சினை இரண்டாகும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அன்றைக்கு இருந்ததைவிட இன்றைய கார்களில் பெட்டிகள் அதிகம். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, கார்ப்பெட்டைத் தூக்கிக் கனெக்டரைப் பாருங்கள்.

தி. நகரில் எனக்குத் தெரிந்த நான்கு மெக்கானிக்குகள், "இந்த அறுபது ஓம் கணக்கை எங்களுக்கும் சொல்லிக் குடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு பேர் எட்டாவதோடு நிறுத்தியவர்கள், ஆனால் கை சுத்தம். நம் எலெக்ட்ரிகல் லேப் சனிக்கிழமை மதியம் பூட்டித்தான் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆறு சனிக்கிழமை கொடுத்தால் போதும். ஆசிலோஸ்கோப்பை நான் கொண்டு வருகிறேன், இரண்டு பழைய ஒயரிங் கட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். முதல்வர் முன்வரிசையில் இருக்கிறார், அதனால்தான் மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.