ஊர்ப் பள்ளிக்கூடமும் எங்கடை காசும்

(கொலோனில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் உயர்தரத்தோடை படிப்பை விட்டு, இப்ப பாக்டரியிலை வேலை செய்யிற ஒரு தொழிலாளி. கல்வியைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி எண்டு நீங்கள் கேட்கலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு அனுப்புற ஆக்களிலை நானும் ஒருவன். அந்தத் தகுதிதான்.

எங்கடை தீவகத்தை எடுத்துக்கொள்ளுவம். 1990, 1991ஆம் ஆண்டுகளில் சனம் உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டது. பலர் திரும்பிப் போகவில்லை. சனம் குறைஞ்சால் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளும் குறையும். இது எல்லாருக்கும் விளங்கும்.

ஆனால் ஊரிலை இருக்கிற பிள்ளையளும் ஏன் வெளியிலை போகினம்? 1940களில் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, கிராமத்துப் பிள்ளை நகரத்துக்கு அலையாமல் படிக்கவேண்டும் எண்டு நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் திறக்கப்பட்டன. கெட்டிக்காரப் பிள்ளையைப் புலமைப்பரிசில் குடுத்து அங்கை சேர்த்தார்கள். இண்டைக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் அதே பிள்ளையை நகரத்துப் பெரிய கல்லூரிக்குக் கொண்டுபோகுது. கெட்டிக்காரன் பத்து வயதிலை போய்விட்டால், ஆறு வருசம் கழிச்சு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சாதாரண தரப் பெறுபேறு குறையத்தானே செய்யும்? அதைப் பார்த்து அடுத்த தாய் தகப்பனும் பிள்ளையை மாத்துகினம். தொகை குறைய ஆசிரியரும் குறைவார். பிறகு "அங்கை படிப்பில்லை" எண்டு நாங்களே சொல்லுறம்.

பிள்ளையைக் கொண்டுபோற தாயைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவவுக்குத் தன்ரை பிள்ளையின் வாழ்க்கை பெரிசு. ஆனால் பஸ்ஸுக்கும் விடுதிக்கும் காசில்லாத வீட்டுப் பிள்ளை எங்கை போகும்? அந்தப் பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறை கதியில்லை.

நாங்கள் வாழுற நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்திலை ஆரம்பப் பள்ளி தனியாக நடக்க 92 பிள்ளையள் வேண்டும். ஆனால் ஒரு ஊராட்சிக்கு அது ஒண்டுதான் ஆரம்பப் பள்ளி எண்டால், 46 பிள்ளையளோடையும் நடத்தலாம். சின்னக் காலுக்குச் சின்னத் தூரம் எண்டு இஞ்சத்தைச் சனம் சொல்லும். பணக்கார நாடே இப்படி யோசிக்குது.

ஆகவே அன்பானவர்களே, இனிமேல் வளைவுக்கும் பெயர்ப்பலகைக்கும் காசு குடுக்க முன்னம் அதிபரிட்டை மூண்டு கேள்வி கேட்போம். எத்தனை பிள்ளையள் படிக்கினம்? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? தூரத்துப் பிள்ளை எப்படி வருது? நெடுந்தீவுக்கு வெளியிலிருந்து போற ஆசிரியர் குறிகட்டுவானிலை படகு ஏறவேண்டும். கடல் கொந்தளிச்சால் படகில்லை, பாடமுமில்லை. அங்கை ஆசிரியர் தங்க ஒரு நல்ல வீடு, கணிதத்துக்கு ஒரு மாலை வகுப்பு, நாலு சைக்கிள், இவைதான் பிள்ளையைப் பிடிச்சு வைக்கும்.

கட்டடம் நிக்கும். உள்ளுக்கு இருக்கப் பிள்ளையள் வேண்டும். இந்தப் புத்தாண்டிலை அதை யோசிப்போம்.