ஆறாத காலும் அரசரின் பந்தியும்



சாமுவேல் இரண்டாம் நூலில் மெபிபொசேத்து என்று ஒருவர் வருகிறார். நாம் அதிகம் பேசாத மனிதர். சவுல் அரசரின் பேரன், யோனத்தானின் மகன். அவருக்கு ஐந்து வயதானபோது, தாத்தாவும் தந்தையும் இறந்த செய்தி வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய செவிலித்தாய் பதற்றத்தில் தவறவிட்டார். இரண்டு கால்களும் ஊனமாயின. பல ஆண்டுகள் கழித்துத் தாவீது, நண்பன் யோனத்தானை நினைத்து, அவரைத் தேடிப்பிடிக்கிறார். தாத்தாவின் நிலங்களைத் திருப்பிக் கொடுக்கிறார். அரசரின் பந்தியில் எந்நாளும் உண்ண இடமும் தருகிறார். கால் குணமானதாக விவிலியம் சொல்லவே இல்லை.

19-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய செய்தி இருக்கிறது. நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுவோம். தாவீது எருசலேமை விட்டு ஓடிய நாளிலிருந்து திரும்பி வரும்வரை, மெபிபொசேத்து தம் கால்களைப் பேணவில்லையாம். தாடியையும் துணியையும்கூடக் கவனிக்கவில்லையாம். துக்கத்தில் விட்டுவிட்டார் என்றால், மற்ற நாள்களில் பேணிவந்தார் என்றுதானே பொருள்? ஐந்து வயதில் கெட்ட கால்களை, அரண்மனையில் இருந்தபோதும் அவர் கவனித்து வந்திருக்கிறார். பந்தியும் நடந்தது, கால் கவனிப்பும் நடந்தது. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கவில்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களுக்கு இவர் அந்நியர் அல்ல. ஊர் ஊராய் உள்ள கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் மண் இது. நற்கருணை கொண்டு வீடுகளுக்குப் போகும்போது, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேரைப் பார்க்கிறோம். பெரும்பாலும் சர்க்கரைப் புண். மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். “கால் ஆறட்டும் ஃபாதர், கோயிலுக்கு வர்றேன்.” “கால் ஆறட்டும், பேத்தி கல்யாணப் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.” சிரிப்பதைக்கூடக் கால் ஆறும் நாளுக்குத் தள்ளிவைத்தவர்கள் இவர்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. புண் இருக்கிறது, வலி இல்லை. ஆகவே துணியைச் சுற்றிக்கொண்டு காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். ஒரு நாள் விட்டால் சம்பளம் போகுமே என்ற பயம். அந்தப் பயத்தை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வலி இல்லாததுதான் அங்கே ஆபத்து.

இதை உலகத்துக்குப் புரியவைத்த வேலையில் பெரும்பகுதி நம் ஊரில்தான் நடந்தது. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு நோயே காரணம், அந்தச் சதை ஆறாது என்று அன்று நம்பியிருந்தார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் கண்டது வேறு. சதை நல்ல சதைதான். நமக்குக் கல் உறுத்தினால் உடனே நொண்டுகிறோம், பாரத்தை வேறு பக்கம் மாற்றுகிறோம். நரம்பு மரத்தவர் நொண்டுவதில்லை. அதே இடத்தில் மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். மாவுக்கட்டுப் போட்டு அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் அதே சதை ஆறுகிறது. ஆறியபின் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு. 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் இந்தப் பணி வளர்ந்தது. இன்று சர்க்கரைக்காரர்களின் கால்களுக்கும் உதவுவது இதே பாடம்தான்.

அதே பிராண்ட் ஒருமுறை நெடும்பயணம் முடிந்து லண்டனில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. தமக்கும் தொழுநோயோ என்று இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்திப் பார்த்தார். வலித்தது! வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர்.

அவரோடு பணிசெய்த மருத்துவர் மேரி வர்கீஸையும் சொல்ல வேண்டும். 1954-இல் நடந்த வாகன விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பினார். கால் திரும்பி வரட்டும் என்று இருந்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்புவோம். காலில் புண் உள்ளவர்கள், கால் மரத்த சர்க்கரைக்காரர்கள் தயவுசெய்து நடக்க வேண்டாம். தார்ச்சாலையின் சூடு உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்தபின்தான் தெரியும். “நேர்ந்துகொண்டேனே” என்று தயங்குகிறீர்களா? தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்குத் தந்திருக்கிறது. போய்க் கேளுங்கள். பஸ்ஸில் வரும் பிள்ளையையும் ஆரோக்கிய அன்னை வெறுங்கையோடு அனுப்புகிறவர் அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் தூக்கிவைத்து, எல்லாரோடும் உட்காரவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுச் செபம் முடிந்ததும் பேரப்பிள்ளை செல்போன் விளக்கை அடித்து, கட்டில்லாத மற்றக் காலின் உள்ளங்காலைப் பார்க்கட்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு ஏதாவது தெரிந்தால் மறுநாளே மருத்துவமனை. புண் ஆறிய பிறகும் இதை நிறுத்த வேண்டாம். ஆறிய இடம் மறுபடி திறப்பது சாதாரணம்.

செப்டம்பர் 8, அன்னையின் பிறந்தநாள் திருப்பலிக்குக் கட்டுப்போட்ட காலோடு ஆட்டோவில் வாருங்கள். அன்பியப் பொறுப்பாளரிடம் முன்னதாகவே சொல்லிவைத்தால், முன்வரிசையில் ஒரு நாற்காலியும் கால் நீட்ட ஒரு ஸ்டூலும் போட்டுவைப்பார்கள்.