காலத்தைக் கொண்டு இடத்தை அளத்தல்



அணுக்கருக்கள் மோதும்போது தெறித்தோடும் துகள்களை எவரும் கண்ணால் கண்டதில்லை. எனினும் அவை சென்ற பாதையை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக அறிவியலார் வரைந்து காட்டுகின்றனர். இது எவ்வாறு இயலுகிறது, அத்துல்லியம் எதனால் நிலைக்கிறது என்பன பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

முகில் அறையும், 1952-இல் டொனால்டு கிளேசர் கண்ட குமிழி அறையும் துகள்களின் தடத்தைப் புகைப்படமாகத் தந்தன. ஆனால் ஒவ்வொரு படத்தையும் மனிதர் அமர்ந்து ஆராய வேண்டியிருந்தது. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் சார்பாக் 1968-இல் அமைத்த பல்கம்பி விகிதசம அறை இந்நிலையை மாற்றியது. வாயு நிரம்பிய அறையில் நெருக்கமாகக் கட்டப்பட்ட மெல்லிய கம்பிகள், துகள் கடந்ததை மின்குறிப்பாக உடனே அறிவித்தன. இதற்காக அவருக்கு 1992-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. ஆயினும் அதில் இடத்தை அறியும் நுட்பம், கம்பிகளுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பொறுத்தே அமைந்தது. நுட்பம் கூட வேண்டுமாயின் கம்பிகளும் அவற்றுக்கான மின்னணுச் சுற்றுகளும் பெருக வேண்டும், செலவும் பெருகும்.

இத்தடையைக் கடக்க 1970-களின் தொடக்கத்தில் உருவானதே நகர்வு அறை. டிரிஃப்ட் சேம்பர் என்று ஆய்வுக்கூடங்களில் வழங்குவது இதுவே. இதன் தத்துவம் எளியது. மின்னூட்டம் பெற்ற துகள் வாயுவின் ஊடே விரையும்போது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்துச் செல்கிறது. சாதாரண அழுத்தத்திலுள்ள ஆர்கான் வாயுவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. மின்புலம் அவற்றைக் கம்பியை நோக்கி இழுக்கிறது. கம்பியின் அருகில் புலம் மிக வலுவாக இருப்பதால் அவை பல்லாயிரம் மடங்கு பெருகி, அளக்கத்தக்க மின்துடிப்பைத் தருகின்றன.

துகள் கடந்த நொடியை ஓர் ஒளிர்வுக் கணக்கி குறித்துக்கொள்கிறது. எலெக்ட்ரான்கள் கம்பியை அடைந்த நேரமும் பதிவாகிறது. ஆர்கான் கலந்த வாயுக்களில் அவற்றின் வேகம் மைக்ரோ வினாடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். ஆகவே 100 நானோ வினாடி தாமதமெனில், துகள் கம்பியிலிருந்து 5 மில்லிமீட்டர் தொலைவில் சென்றது என்று பொருள். நேரத்தை 2 நானோ வினாடி நுட்பத்துடன் அளந்தால், இடம் 0.1 மில்லிமீட்டர் நுட்பத்துடன் கிடைத்துவிடுகிறது. கம்பிகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருப்பினும் குறைவில்லை.

துகள் கம்பியின் இடப்புறம் சென்றதா, வலப்புறம் சென்றதா என்பதை ஒரு கம்பியால் கூற இயலாது. எனவே அடுத்த அடுக்கிலுள்ள கம்பிகளைப் பாதி இடைவெளி தள்ளிக் கட்டுகின்றனர். பல அடுக்குகளின் சான்றும் ஒன்றுபடும் பாதையே மெய்யான பாதை எனக் கொள்ளப்படும்.

அறையைக் காந்தப்புலத்தில் வைத்தால் பாதை வளைகிறது. அவ்வளைவே உந்தத்தைக் காட்டுகிறது. 1.5 டெஸ்லா புலத்தில் 1 மீட்டர் நீளம் செல்லும் 1 கிகா எலெக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள துகள், நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 5.6 சென்டிமீட்டர் விலகுகிறது. உந்தம் பத்து மடங்கானால் விலக்கம் 5.6 மில்லிமீட்டராகச் சுருங்கும். அப்போது 0.1 மில்லிமீட்டர் பிழையும் பொருட்படுத்தத் தக்கதே. நொடியில் சிதைந்து மறையும் துகளின் நிறையை, அதன் சிதைவிலிருந்து வெளிவந்தவற்றின் உந்தங்களைக் கொண்டே கணக்கிடுகிறோம். உந்தம் தெளிவின்றிப் போனால், புதிய துகளே வந்திருப்பினும் அது கூட்டத்தில் மறைந்துவிடும்.

ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள பெல் 2 சோதனையை எடுத்துக்கொள்வோம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐ.ஐ.டி. முதலிய இந்திய நிறுவனங்களும் இதில் பங்கேற்றுள்ளன. இதன் மைய நகர்வு அறையில் குறிப்புகளைப் பெறும் கம்பிகள் மட்டும் 14,336. தங்க முலாமிட்ட டங்ஸ்டனால் ஆன இவற்றின் விட்டம் 30 மைக்ரான். நிரப்பப்படுவது ஹீலியமும் ஈத்தேனும் சரிபாதியாகச் சேர்ந்த கலவை. எடை குறைந்த ஹீலியம், துகளின் பாதையை அதிகம் சிதறடிப்பதில்லை.

இனி, நாம் சிந்திக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். இக்கருவியில் தூரம் நேராக அளக்கப்படுவதில்லை. வேகத்தை நம்பிக் கணக்கிடப்படுகிறது. அவ்வேகமோ வாயுக் கலவை, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றைச் சார்ந்தது. வேகம் 1 விழுக்காடு மாறினால், 1 சென்டிமீட்டர் நகர்வில் 0.1 மில்லிமீட்டர் பிழை புகுந்துவிடும். கசிந்து நுழையும் ஆக்சிஜன், வரும் வழியிலேயே எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொள்கிறது. கம்பி தொய்ந்தால் மின்புலம் மாறுகிறது. நாள்பட அதில் படியும் பொருள்களால் மின்துடிப்பு நலிகிறது. ஆகவே பதிவான பாதைகளைக் கொண்டே அளவுகோலை மீண்டும் மீண்டும் சரிபார்க்கின்றனர். கருவி வாங்கிய நாளன்று துல்லியம் முழுமையாகக் கைவருவதில்லை. அன்றாடப் பராமரிப்பினால்தான் அது நிலைபெறுகிறது.

இத்தகைய திறன் நமக்குப் புதிதன்று. 1980-களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என இந்திய, ஜப்பானிய அறிவியலார் தேடியபோது, இதே குடும்பத்தைச் சேர்ந்த விகிதசமக் கணக்கிகளையே அடுக்கடுக்காக அமைத்தனர். இதன் பயன் ஆய்வுக்கூடத்தோடு நிற்பதுமில்லை. குறைந்த கதிர்வீச்சில் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் மருத்துவக் கருவிகளில் சார்பாக்கே பிற்காலத்தில் ஈடுபட்டார்.

எனவே, நிதி ஒதுக்கும் பொறுப்பில் உள்ளோர், கருவியின் விலையோடு வாயுத் தூய்மைக்கும், பணிமனைக்கும், கம்பி கட்டத் தெரிந்த தொழில்நுட்பருக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவையும் திட்டத்தின் உறுப்பாகவே கருத வேண்டும். மாணவர்கள், கணினி தரும் பாதையை ஏற்குமுன் அதன் அடியிலுள்ள வேகத்தை அளந்தது யார், எப்போது என்று கேட்கப் பழக வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில்தான் நுண்கருவிகள் மெய்யான பயனைத் தரும்.