ஆள் அனுப்பியது யார்?



தஞ்சாவூரில் ஒரு வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஷாக் அடித்து விழுந்தால் வீட்டுக்காரர் பதறிப்போய் ஆட்டோ பிடிப்பார். அதே வீட்டுக் கொல்லையில் செப்டிக் டேங்கில் இறங்கியவர் விழுந்தால் முதலில் வருகிற கேள்வி: "இவன அனுப்புனது யாரு?" இந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம்ம டெல்டாவில் ஐப்பசி அடைமழையில் நிலத்தடி நீர் ஏறும், தொட்டி பொங்கும். லாரி நுழையாத சந்து என்றால் ஆள் தேடுவார்கள். எந்தத் தெருவில் தேடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் குப்பை கொட்டுகிற வங்கியில் வீட்டுக்கடன் எஸ்டிமேட்டில் செப்டிக் டேங்குக்கு ஒரு வரி உண்டு. அது நிரம்பினால் யார் அள்ளுவது என்பதற்கு வரி கிடையாது.

உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்ல, எறங்கு" என்பது சாகச் சொல்வதுதான். ஒருவர் விழ, தூக்கப் போன தம்பியும் விழுகிறார்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எதிரே நின்ற மிராசுதார் யாரென்று ஊருக்கே தெரியும். இன்று மேஸ்திரி, புரோக்கர், லாரிக்காரர் என்று அடுக்கி, அடுக்குக்குப் பின்னால் வீட்டுக்காரர் மறைந்துகொள்கிறார். அவர் படித்தவர், முற்போக்காகக்கூடப் பேசுவார். ஆனால் மலக்குழி மரணங்களைத் தடுக்க வந்த 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு, எந்த நபரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை அபாயகரமாக இறக்கக் கூடாது என்கிறது. நபர் என்றால் வீட்டுக்காரரும்தான். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம்.

மும்பை கோவண்டியில் 2019 டிசம்பரில் ஒரு தனியார் குடியிருப்பின் தொட்டியில் மூவர் இறந்தார்கள். மூன்று துணைவியரும் உயர்நீதிமன்றம் போனார்கள். அரசு தலா 10 லட்சம் கொடுக்க வேண்டும், பொறுப்பானவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்று 2021இல் உத்தரவு வந்தது. ஆக, தனியார் இடம் என்று கலெக்டர் ஆபீஸ் கைகழுவ முடியாது. அரசு கொடுத்துவிட்டது என்று சொந்தக்காரரும் தப்ப முடியாது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இறப்புக்கு 30 லட்சம் என்று உயர்த்தியது. பிழைத்து நிரந்தரமாக முடங்கியவருக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. பிழைத்தவரை நம் ஆட்களே மறந்துவிடுகிறோம், அதையும் சொல்லி வைக்கிறேன்.

காரியம் கெடுவது ஸ்டேஷனில்தான். முன்பு 174 என்று எழுதினார்கள், 2024 ஜூலையிலிருந்து 194. எண் மாறியது, "தற்செயல் மரணம்" மாறவில்லை. நீங்கள் போகும்போது 2013 சட்டப் பிரிவுகளையும், கவனக்குறைவால் மரணத்துக்கான 106ஐயும் கேளுங்கள். வீட்டுக்காரர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்க வேண்டும். அவர் எந்த போனிலிருந்து கூப்பிட்டார், எவ்வளவு கூலி பேசினார் என்பதை அன்றைக்கே, செத்தவரின் வீட்டில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பத்து நாள் கழித்துப் போனால் மேஸ்திரி அங்கே முந்திப் போய் உட்கார்ந்திருப்பார்.